என் நியாயத்தை யாரும் கேட்கவில்லை

எனக்கு விவாகரத்து கணினி வழியாகத்தான் கிடைத்தது. விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு கட்டம்கூட இல்லை. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் சட்டம் அப்படி. மணவாழ்க்கை மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்று இருவரில் ஒருவர் சொன்னால் போதும். யார் மேல் தப்பு என்ற பேச்சே கிடையாது. விண்ணப்பித்து 20 வாரம் கழித்து முதல் உத்தரவுக்குக் கேட்கலாம். அது வந்து ஆறு வாரமும் ஒரு நாளும் போனால் இறுதி உத்தரவுக்குக் கேட்கலாம். என்னுடையது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின்னஞ்சலில் வந்தது. டப்பாவில் மிச்சம் இருந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அன்று எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் மென்று விழுங்கியதை எங்கேயாவது, யாராவது உட்கார்ந்து கேட்பார்கள் என்று நம்பியிருந்தேன். மாமியார் சொன்னது, கணவர் சொல்லாமல் விட்டது, வளைகாப்பில் நடந்தது, எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருந்தேன். சரி, விவாகரத்தில் கேட்காவிட்டால் போகிறது, குழந்தை வழக்கில் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் என்னிடம்தான் இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நிரூபிக்க, அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

பக்கம் பக்கமாக எழுதி எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனேன். அவர் முதல் இரண்டு பக்கத்தைப் படித்தார், மீதியைப் புரட்டினார், மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு கேட்டார்: "குழந்தைக்குப் பல் டாக்டர் யார்? அவளுடைய அப்பாவுக்கு அந்த டாக்டரின் பெயர் தெரியுமா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவாள்? அவர் வீட்டில் அவளுக்குத் தனி அறை உண்டா? அங்கிருந்து பள்ளிக்கு எப்படிப் போவாள்?" நான் எழுதியதில் இதில் ஒன்றுகூட இல்லை.

இங்கே அடிப்படைச் சட்டம் 1989ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டம். அதன் முதல் பிரிவே, குழந்தையின் வளர்ப்பு பற்றிய எந்தக் கேள்வியிலும் குழந்தையின் நலனே நீதிமன்றத்துக்கு முதன்மை என்கிறது. அதோடு நிற்காமல், நலன் என்றால் எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று ஒரு பட்டியலும் தருகிறது. குழந்தையின் விருப்பம், அதை அதன் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப எடுத்துக்கொள்வது, உடல், மனம், படிப்பு சார்ந்த தேவைகள், இப்போதைய நிலையை மாற்றினால் என்ன ஆகும் என்பது, வயது, பின்னணி, ஏதாவது தீங்கு நேர்ந்திருக்கிறதா, நேருமா என்பது, அம்மாவும் அப்பாவும் அந்தத் தேவைகளை நிறைவேற்ற எவ்வளவு தகுதியானவர்கள் என்பது. என் மாமியார் எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

தீங்கு என்ற அந்த ஒரு தலைப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைத்து அடக்குவது போன்றவை நடந்த வீடுகளுக்கு நான் எழுதுவது முழுதாகப் பொருந்தாது. அங்கே நீதிமன்றம் நடந்ததைக் கேட்கும், கேட்டே ஆகவேண்டும். நடந்ததா இல்லையா என்று முடிவுசெய்யத் தனி விசாரணைகூட வைக்கலாம். வீட்டில் நடக்கும் கொடுமையைக் கண்ணால் பார்த்த, காதால் கேட்ட குழந்தையும் பாதிக்கப்பட்டவரே என்று 2021இன் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் சமரசப் பேச்சுக்குப் போகவேண்டிய கட்டாயமும் இல்லை. என் வீட்டில் இருந்தது கசப்பு. இரண்டும் வேறு வேறு என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று, அதையும் இங்கே எழுதவேண்டும்.

இனி என் அண்ணன் கதை. திருச்சியில் வக்கீலாக இருக்கிறான், நல்ல வக்கீல். பிரிவது முடிவானதும் அவன் போனில் சொன்னது ஒரே ஒரு யோசனைதான். "பாப்பாவைக் கூட்டிட்டு நீ கிளம்பி வந்துடும்மா. தில்லைநகர்ல வீடு சும்மாதானே கிடக்கு. ஸ்கூல் சீட் நான் வாங்கித் தரேன். மத்ததை இங்கே பாத்துக்கலாம்."

அவன் பாசத்தில் மட்டும் பேசவில்லை, சட்டம் தெரிந்து பேசினான். நாடுவிட்டு நாடு தூக்கிக்கொண்டு போகப்படும் குழந்தைகளைத் திருப்பி அனுப்ப 1980 அக்டோபரில் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் அதில் இருக்கின்றன. குழந்தை யாரிடம் வளரவேண்டும் என்பதை அது முடிவுசெய்வதில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் முடிவுசெய்யவேண்டும் என்பதைத்தான் பார்க்கிறது. வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குக் குழந்தையை அனுப்பு, சண்டையை அங்கே போய்ப் போட்டுக்கொள் என்பதுதான் அதன் சாரம். இந்தியா அதில் சேரவில்லை. 2016இல் ஒரு மசோதா வரைவு வந்தது, அப்படியே நின்றுபோனது. வெளிநாட்டில் கொடுமைக்கு ஆளாகித் தப்பி வரும் பெண்களையும் குழந்தையோடு திருப்பி அனுப்பவேண்டி வரும் என்ற தயக்கம் ஒரு பெரிய காரணம். நியாயமான தயக்கம். ஆனால் அந்தத் தயக்கத்தின் நிழலில் என்னைப் போன்றவர்களும் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல்.

இந்திய நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசியதில்லை. 1984இல் உச்ச நீதிமன்றம், இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஒரு பையனை அவனுடைய அப்பாவிடமிருந்து மீட்டு, இங்கிலாந்து நீதிமன்ற உத்தரவை மதித்து அம்மாவிடம் ஒப்படைத்தது. 1986இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உத்தரவை மீறிக் கூட்டிவரப்பட்ட குழந்தை விஷயத்திலும் அப்படியே. 1997இல், வெளிநாட்டு உத்தரவு என்பது பார்க்கவேண்டிய பல விஷயங்களில் ஒன்றுதான் என்று சொன்னது. 2015இல் தமிழ்நாட்டிலிருந்து இங்கிலாந்து போன ஒரு குடும்பத்தின் வழக்கில், முதலில் கையில் எடுத்த நீதிமன்றத்துக்கே முன்னுரிமை என்று இங்கிலாந்து பக்கம் சாய்ந்தது. 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்த முன்னுரிமைக் கொள்கை சரியில்லை, குழந்தையின் நலனை நாமே பார்த்து முடிவுசெய்யலாம் என்றது. "இதுல எது வேணும்னாலும் நமக்குச் சாதகமா வாதாடலாம்," என்றான் அண்ணன். வக்கீலுக்கு அது நல்ல செய்தி. எட்டு வயதுக் குழந்தைக்கு அது வருஷக்கணக்கில் வாய்தா.

நான் டிக்கெட் விலை பார்த்தேன். அதை மறைத்துப் பயனில்லை. ஹீத்ரோவிலிருந்து கொழும்பு வழியாகத் திருச்சி, ஒரு வழிப் பயணம், இரண்டு பேர். ஒரு பெரிய ஆள், ஒரு குழந்தை என்று தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போனேன்.

என்னை நிறுத்தியது நல்லெண்ணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. பெற்றோர் பொறுப்புள்ள இன்னொருவரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைப் பிரிட்டனுக்கு வெளியே கொண்டுபோவது 1984ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், பெற்ற தாய்க்கும் குற்றம் என்று வழக்கறிஞர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஏழு வருஷம் வரை சிறைக்கு இடமுண்டு. இங்கே திரும்பி வந்து வேலை பார்க்கமுடியாது என்பதைவிட, விமான நிலையத்தில் மகள் முன்னால் என்னை யாராவது நிறுத்தினால் என்ன செய்வேன் என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. இன்னொன்றும் இருந்தது. மகளின் அப்பாவுக்கும் ஊரில் அம்மா இருக்கிறார். சேலத்தில் வீடு இருக்கிறது. அவருக்கும் இதே யோசனையைச் சொல்ல ஒரு தம்பி இருக்கிறார். எனக்குத் திறந்திருக்கும் கதவு அவருக்கும் திறந்தேதான் இருக்கிறது. அன்று இரவே மகளின் பாஸ்போர்ட்டை பீரோவிலிருந்து எடுத்து, குளிர்காலக் கம்பளிகளுக்கு நடுவே ஒளித்துவைத்தேன். அதே வாரம் அவர் தன் வழக்கறிஞர் மூலம் கடிதம் போட்டிருந்தார்: குழந்தையின் பாஸ்போர்ட் எங்கே?

நீதிமன்றம் போகுமுன் சமரசக் கூட்டம் ஒன்றுக்குப் போய் வரவேண்டும் என்பது விதி. இருவரும் தனித்தனியாகத்தான் போனோம். அரசாங்கம் அப்போது 500 பவுண்ட் வரை சமரசச் செலவுக்குக் கொடுத்தது. எங்களுக்கு ஒத்துவரவில்லை. சி 100 என்கிற படிவத்தை நிரப்பி அவர்தான் வழக்குப் போட்டார். அவர் முந்திக்கொண்டார் என்று அண்ணன் பதறினான். இங்கே யார் மனுதாரர் என்பதால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதன் பிறகு காஃப்காஸ் என்ற அமைப்பு உள்ளே வந்தது. இங்கிலாந்தில் குடும்ப வழக்குகளில் குழந்தைகளின் பக்கம் நின்று நீதிமன்றத்துக்கு யோசனை சொல்லும் அரசு அமைப்பு. முதலில் போலீஸிலும் உள்ளாட்சியிலும் எங்கள் இருவர் பெயரிலும் ஏதாவது பதிவு உண்டா என்று விசாரித்தார்கள். பிறகு இருவரையும் போனில் தனித்தனியாகக் கேட்டார்கள். அந்தப் போனில் நான் மறுபடியும் வளைகாப்பிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதனால் குழந்தைக்கு இப்போது என்ன பாதிப்பு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒத்துப்போகாததால், முதல் விசாரணையில் காஃப்காஸிடம் விரிவான அறிக்கை கேட்டார்கள். ஓர் அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார், மகளின் அப்பா வீட்டுக்கும் போனார். மகளைப் பள்ளியில் தனியாகச் சந்தித்தார். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்து, படம் வரையச் சொல்லிப் பேசியிருக்கிறார். குழந்தையிடம் "அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்று ஒருபோதும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் பந்தியில் வைத்தே கேட்டுவிடுவார்கள்.

அறிக்கை வந்ததும் நான் நேராகத் தேடியது என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். நல்லதாகவே இருந்தது. அன்றாடப் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம், படிப்பில் அக்கறை, வீடு ஒழுங்கு. அவரைப் பற்றியும் நல்லதாகவே இருந்தது. நீச்சலுக்குக் கூட்டிப்போகிறார், தலை பின்னத் தெரியாமல் யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார், குழந்தை அவரிடம் கூச்சமில்லாமல் இருக்கிறாள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பொய் என்பதால் அல்ல.

மகள் சொன்னவை தனியாக இருந்தன. அப்பாவோடு வீடியோவில் பேசும்போது அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிடுகிறாள், அதனால் தான் மெதுவாகப் பேசவேண்டியிருக்கிறது என்றிருக்கிறாள். அப்பா வீட்டில் பாட்டி போனில் அம்மாவைப் பற்றிப் பேசினால் தான் கழிப்பறைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். விளையாட்டு உடுப்பு எந்த வீட்டில் இருக்கிறது என்று தினமும் கவலையாக இருக்கிறதாம், இரண்டு செட் வேண்டுமாம். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு இருவரும் வரலாம், ஆனால் யாருக்கு முதலில் கை காட்டுவது என்று தெரியவில்லையாம். கையில் மந்திரக்கோல் கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, நாங்கள் மறுபடி சேரவேண்டும் என்பாள் என்று நினைத்தேன். திருச்சிப் பாட்டியை லண்டனுக்குக் கொண்டுவருவேன், ஒரு ஹாம்ஸ்டர் வாங்குவேன் என்றிருக்கிறாள்.

அந்தப் பாத்திரம் கழுவும் வரியைத்தான் நான் இன்னமும் மறக்கவில்லை. நான் ஒட்டுக்கேட்டேன் என்றுகூட அவள் சொல்லவில்லை.

இறுதி விசாரணைக்கு அண்ணன் திருச்சியிலிருந்து வந்துவிட்டான். கோட்டு தைத்துக்கொண்டு வந்திருந்தான். உள்ளே விடவில்லை. குடும்ப விசாரணை தனியறையில் நடப்பது, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. அவன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரக் காபி குடித்தான். உள்ளே நான் நினைத்த மாதிரி உயரமான மேடையோ வெள்ளைப் பொய்முடியோ இல்லை. மூன்று மாஜிஸ்திரேட்டுகள். சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்யும் சாதாரண மனிதர்கள். சட்டம் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு சட்ட ஆலோசகர். எங்களுடையது போன்ற பல வழக்குகள் இவர்களிடம்தான் போகின்றன. நடுவில் இருந்த அம்மாள் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: புதன்கிழமை மாலை அப்பா வீட்டில் சாப்பாடு என்றால் வீட்டுப்பாடம் யார் பார்ப்பது, எத்தனை மணிக்கு? ஏழு மணிக்கா ஏழரைக்கா என்று அரைமணி நேர விஷயத்துக்கு இரண்டு வழக்கறிஞர்கள் எழுந்து நின்று பேசினார்கள். எங்கள் வழக்கறிஞர்களின் மணிக்கணக்குக் கட்டணத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு இந்த மாதிரி வழக்குகளுக்கு, கொடுமைக்கு ஆதாரம் இருந்தாலொழிய, அரசு சட்ட உதவி கிடைப்பதில்லை. வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே வாதாட வந்தவர்களை அந்த வராந்தாவில் நிறையப் பார்த்தேன்.

உத்தரவு வந்தது. மகள் என்னோடு வசிப்பாள். ஒருவாரம் விட்டு ஒருவாரம் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அப்பா கூட்டிப்போவார், திங்கள் காலை நேரே பள்ளியில் விடுவார். கூட்டிப்போவதும் விடுவதும் பள்ளி வாசலில் என்பதால் நாங்கள் இருவரும் முகம் பார்க்கத் தேவையில்லை. புதன்கிழமை மாலை ஏழேகால் வரை. பள்ளி விடுமுறைகளில் பாதி. வரைவில் கிறிஸ்துமஸ் தானாகவே வந்திருந்தது. தீபாவளியை நாங்கள் கேட்டுப் போட்டோம், தேதி வருஷா வருஷம் மாறும் என்று விளக்கவேண்டியிருந்தது. பொங்கலை மறந்தே போனோம். அதை மட்டும் நாங்களே பேசி வைத்துக்கொண்டோம், எங்களுக்குள் நடந்த முதல் சமரசம் அது.

ஊரில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "குழந்தை யாருக்கு?" எனக்கு என்று சொன்னேன், சொந்தங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் சட்டத்தில் அப்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு அம்மா அப்பா இருவருக்கும் உள்ள பொறுப்பு விவாகரத்தோடு போய்விடுவதில்லை. பள்ளி மாற்ற, பெயர் மாற்ற, பெரிய சிகிச்சை செய்ய இருவரும் சேர்ந்துதான் முடிவெடுக்கவேண்டும், முடியாவிட்டால் நீதிமன்றம் போகவேண்டும். இந்தியாவில் 1956ஆம் வருஷத்து இந்து இளவர் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாக அம்மாவிடம் இருக்கவேண்டும் என்கிறது. அண்ணனுக்கு அது மனப்பாடம். இங்கே அப்படி வயதுக்கணக்கு எதுவும் இல்லை. அம்மா என்பதால் எனக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அவளை எழுப்பி, சாப்பிட வைத்து, கூட்டிப்போய் வந்த அன்றாடத்துக்குத்தான் கிடைத்தது. அந்த அன்றாடம் அவரிடம் இருந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைச் செலவுக்கான தொகை வேறு கணக்கு, அதற்கென்று அரசு சேவை ஒன்று இருக்கிறது. சாதாரண வருமானக்காரருக்கு, ஒரு குழந்தை என்றால், வாரத்துக்கு 800 பவுண்ட் வரையான மொத்த வருமானத்தில் 12 சதவீதம். ஆனால் குழந்தை வருஷத்துக்கு 52 இரவு அவர் வீட்டில் தங்கினால் ஏழில் ஒரு பங்கு குறையும், 104ஐத் தொட்டால் ஏழில் இரண்டு. எங்கள் உத்தரவுப்படி நூறை ஒட்டி வருகிறது. அவர் பாசத்தால் இரவுகளைக் கேட்கிறாரா, பணத்துக்காகக் கேட்கிறாரா என்று நான் சந்தேகப்பட்டேன், அவர் தரப்பில் என்னைச் சந்தேகப்பட்டார்கள். இந்தக் கணக்கை வகுத்தவர்கள் பிரிந்த தம்பதிகளோடு ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கவேண்டும். அவர் பணம் தரத் தாமதித்தாலும் நான் குழந்தையை அனுப்பாமல் இருக்க முடியாது. நான் அனுப்பாமல் இருந்தாலும் அவர் பணத்தை நிறுத்த முடியாது. என் தோழி ஒருத்தி குழந்தையை அனுப்பாமல் இருந்து பார்த்தாள், நீதிமன்றம் அவளுக்குச் சம்பளமில்லாத சமூக வேலை தண்டனை கொடுக்கலாம் என்று எச்சரித்தது.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை. கோடை விடுமுறையில் மகளைத் திருச்சிக்குக் கூட்டிப்போக நினைத்தேன். குழந்தை என்னோடு வசிப்பதாக உத்தரவு இருப்பதால் ஒரு மாதத்துக்குள் அடங்கும் பயணத்துக்கு நான் யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஆனாலும் மரியாதைக்குச் சொன்னேன். அவர் தடை கேட்டு நீதிமன்றம் போய்விட்டார். காரணம், இந்தியா ஹேக்கில் இல்லை. போனால் திரும்பி வருவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அவமானமாக இருந்தது. தமிழ்ப் பள்ளியில் எங்களோடு இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. இலங்கை 2001இலேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குக் குழந்தையோடு போகும் தாயைவிடத் திருச்சிக்குப் போகும் தாயை நீதிமன்றம் சந்தேகமாகப் பார்க்கும் என்பதை நான் நினைத்தும் பார்த்ததில்லை. விசாரணையில் என்னை நல்லவளா கெட்டவளா என்று யாரும் கேட்கவில்லை. திரும்பாமல் போக எவ்வளவு வாய்ப்பு, திரும்பாவிட்டால் குழந்தைக்கு எவ்வளவு நஷ்டம், அதைத் தடுக்க என்ன ஏற்பாடு என்றுதான் பார்த்தார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் விலாசம், வாரம் இருமுறை அப்பாவோடு வீடியோ, ஒரு தொகை பிணையாக வழக்கறிஞர் கணக்கில், வந்ததும் பாஸ்போர்ட்டையும் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையையும் வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுவது. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். டிக்கெட் தளத்தில் ஒரு வழிப் பயணத்துக்கு நான் எவ்வளவு தூரம் போனேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய பயம் ஆதாரமில்லாதது என்று வாதாட என்னால் முடிந்தது. அந்த வாதத்தை நானே நம்பவில்லை.

திருச்சியில் வீடியோ அழைப்பு வரும்போதெல்லாம் அம்மாவின் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிப் படிவரை நடக்கவைப்பேன். மகள் கூடத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பாள். என்ன பேசினாள் என்று அம்மா கேட்பார், தெரியாது என்பேன், உண்மையிலேயே தெரியாது. குறித்த தேதியில் திரும்பினோம். பிணைத்தொகை வந்து சேர்ந்தது. அடுத்த பயணத்துக்கு அவர் தடை கேட்கவில்லை, ஒரு மின்னஞ்சலில் சம்மதம் எழுதிக் கொடுத்தார். மாமனார் காரியத்துக்கு அவர் மகளைச் சேலம் கூட்டிப்போனபோது நானும் அதேபோல் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்து நாளும் எனக்குத் தூக்கமில்லை.

இப்போது அவளுக்கு வயது ஏறிவிட்டது, அவள் சொல்லுக்கு எடை கூடியிருக்கிறது. பரீட்சை வந்தால் புதன்கிழமையை அவளே ரத்து செய்கிறாள். உத்தரவு ஒரு கோப்பில் இருக்கிறது, அதை எடுத்துப் பார்த்து வெகுநாள் ஆகிறது. அதில் எந்த வரியிலும் என் பக்கம் நியாயம் இருந்ததாக எழுதவில்லை. அவர் பக்கம் இருந்ததாகவும் இல்லை.

வெளிநாட்டில் பெண்ணைக் கொடுத்திருக்கும், பையனை அனுப்பியிருக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அங்கே பிரிவு என்று செய்தி வந்ததும் "குழந்தையோடு கிளம்பி வா" என்று சொல்லாதீர்கள். அடியும் ஆபத்தும் இருந்தால் முதலில் அங்குள்ள போலீஸையும் உதவி அமைப்புகளையும் நாடச் சொல்லுங்கள். அது இல்லையென்றால், குழந்தை வாழும் நாட்டிலேயே ஒரு குடும்பநல வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய்யுங்கள். குழந்தையோடு எந்தப் பயணத்துக்கும் மற்றவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தை நீங்களே கொடுத்தாலும் தகும். திருச்சிக்கு ஒரு வழி டிக்கெட்டின் விலையைவிட அது குறைவு.